நிரப்பிய வரி

அப்பா இறந்த செய்தி மங்கையர்க்கரசிக்கு ஒரு படமாக வந்தது.

காலை ஆறே முக்கால் இருக்கும். ஐப்பசி மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கும் சத்தத்துக்காகக் காத்து நின்றாள். "அத்தை மகள் வாசுகி ஒரு படம் அனுப்பியிருக்கிறார்" என்றது காதிலிருந்த கிள்ளை. வாசுகி எப்போதும் அப்படித்தான். காலை வணக்கமோ கல்யாணப் பத்திரிகையோ, படத்தை அனுப்பிவிட்டுப் போய்விடுவாள். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருத்திக்கு அனுப்புகிறோமே, கூட ஒரு வரி எழுதுவோம் என்ற யோசனையெல்லாம் அவளுக்குக் கிடையாது. மங்கை அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து அவளுக்கு எதையாவது அனுப்புகிற ஒரே ஜீவன் வாசுகிதான்.

"படி" என்றாள்.

கிள்ளை என்பது மூக்குக் கண்ணாடியின் ஓரத்தில் கடுகளவு கேமராவும் காதில் ஒரு சிறு குமிழும். எதிரே இருக்கும் பலகையோ, போனுக்கு வந்த படமோ, எழுத்து எங்கே இருந்தாலும் எடுத்துப் படித்துச் சொல்லிவிடும். அதன் குரல் ஏற்ற இறக்கமில்லாதது. பால் விலை உயர்வையும் பரீட்சை முடிவையும் ஒரே மாதிரிதான் சொல்லும். இதையும் அப்படித்தான் சொன்னது.

"கண்ணீர் அஞ்சலி. அமரர் வே. சுப்பராமன். ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர். அன்னாரது உடல் இன்று மாலை நான்கு மணிக்குத் தகனம் செய்யப்படும். கண்ணீருடன், மனைவி அமரர் காந்திமதி. மகன் கதிரேசன். மருமகள் பொன்னுத்தாய். மகள் மங்கையர்க்கரசி. பேரன் வேலவன். மற்றும் உற்றார் உறவினர்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"மறுபடி படி."

மூன்று தடவை படிக்கச் சொன்னாள். மூன்று தடவையும் அந்த வரி இருந்தது. அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நிற்பது போலிருந்தது.

கணவன் இருதயராஜ் கட்டிலிலிருந்து எழுந்து வந்தான். அவனுக்கும் பார்வை கிடையாது. ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மங்கை சொன்னபோது, "ரெண்டு குருடும் சேர்ந்து எந்தச் செவுத்துல முட்டப் போறீக?" என்று கேட்டார் அப்பா. கேட்டதோடு விடவில்லை. இந்த வாசப்படியை இனி மிதிக்கக் கூடாது என்றார். அவளும் மிதிக்கவில்லை. இப்போது கிள்ளை படித்ததை அவள் அப்படியே அவனிடம் சொன்னாள்.

"என் பேரு இருக்கா அதுல?" என்று கேட்டான் இருதயராஜ்.

"இல்ல."

"பரவாயில்ல. பொண்ணு பேரு வந்திருக்குல்ல, அது போதும். பதினாலு வருஷம் கழிச்சு ஒரு வரி போட்டிருக்காங்க. கெளம்பு மங்கை."

"நீங்க?"

"பேரு இல்லாத எடத்துக்கு நான் எதுக்கு? நீ போயிட்டு வா."

ஒன்பதரை மணி விமானத்தில் மதுரைக்கு இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கைக்காரர் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டபோது, அப்பா இறந்துவிட்டார் என்று யாரோ ஒருவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அவர் பதறிப்போனார். அவளுக்கு அந்த வரி மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மகள் மங்கையர்க்கரசி. யார் எழுதியிருப்பார்கள்? அப்பாவே போடச் சொன்னாரா? சாகிற நேரத்தில் ஒரு தடவையாவது அவளைக் கேட்டாரா? அது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் சரி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிள்ளையைச் செய்கிற நிறுவனத்தில்தான் மங்கைக்கு வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த மாற்றம் செய்தாலும் அதைப் பார்வையில்லாத ஒருவர் காதால் கேட்டு, "கேட்டேன், சரி" என்று தன் குரலில் பதிவு செய்தால்தான் வெளியே விடுவார்கள். செவிக் கையொப்பம் என்று அதற்குப் பெயர். அந்தக் கையொப்பம் போடுகிற எட்டுப் பேருக்கு மங்கைதான் தலைவி.

பழைய கிள்ளைக்கு ஒரு பழக்கம் இருந்தது. எழுத்து கலங்கியிருந்தால், மடிந்திருந்தால், "தெளிவில்லை" என்று சொல்லும். நாலு கைமாறி வந்த படத்தில் வரிக்கு மூன்று தெளிவில்லை. வாங்கினவர்கள் திட்டித் தீர்த்தார்கள். போன வருஷம் பொறியாளர் நவாஸ் அதற்கு ஒரு வழி கொண்டுவந்தான்.

"இது நிரப்பு வாசிப்பு மேடம். தெரியாத எடத்த அதுவே யூகிச்சுப் படிக்கும். உங்க போன்ல இருக்கிற ஆளுங்க, சொந்தம், பழைய கடுதாசி எல்லாம் அதுக்குத் தெரியும்ல, அத வச்சுச் சொல்லும். நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியா இருக்கு."

"மிச்சம் மூணு?"

"அதுக்குத்தான் இத வச்சிருக்கேன், கேளுங்க." ஒரு வாக்கியத்தை ஓடவிட்டான். நடுவில் ஒரு சொல்லில் மட்டும் கிள்ளையின் குரல் லேசாக இறங்கி, மறுபடி மேலே வந்தது. "எறங்குன எடம் யூகம். கேக்கிறவங்களுக்குப் புரிஞ்சுரும்."

மங்கைக்கு எரிச்சல் வந்தது. "எங்களுக்கு மட்டும் எதுக்கு இந்த எறங்குற குரல்? கண்ணு தெரியிறவங்க கலங்கின எழுத்தை என்ன பண்றாங்க? யூகிச்சுட்டுப் போய்க்கிட்டே இருக்காங்க. அவங்களுக்கு யாராச்சும் மணி அடிக்கிறாங்களா? ஒரே குரல்ல படிக்கச் சொல்லுங்க."

"மேடம், எது நெசம், எது யூகம்னு..."

"நாங்க சின்னப் பிள்ளைங்க இல்ல நவாஸ்."

குரல் இறக்கத்தை எடுத்தார்கள். அவள் கேட்டாள். "கேட்டேன், சரி" என்றாள். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியோடு அன்றைக்கு வீட்டுக்குப் போய் இருதயராஜுக்கு வடை பொரித்துக் கொடுத்தாள்.

அருப்புக்கோட்டை வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. பந்தலில் நாற்காலிகள் இழுபட்டன. தடியின் சத்தம் கேட்டதும் பேச்சுக் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. யாரும் வா என்று சொல்லவில்லை. அண்ணன் கதிரேசனின் செருப்புச் சத்தம் அவள் முன்னால் வந்து நின்றது.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"வாசுகி படம் அனுப்புனா. போஸ்டர்ல எம் பேரு போட்டிருந்தீகளே அண்ணே. அதான் வந்தேன்."

"பேரா?" அவன் குரல் உயர்ந்தது. "எந்தப் போஸ்டர்ல? எந்தத் தெருவுல பாத்தா அவ?"

மங்கை போனை நீட்டினாள். அவன் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தான். பிறகு நீளமாக மூச்சு விட்டான். அந்தக் கேள்வியும் மூச்சும் அவளுக்கு எகத்தாளமாகப் பட்டன.

"இதுல எங்கன இருக்கு ஒம் பேரு? கெடையாது. ஒம் பேரு எதுலயும் கெடையாது, போதுமா?"

அண்ணி பொன்னுத்தாய் போனை வாங்கிப் பார்த்தாள். இல்லை என்றாள். கூட்டத்தில் யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். வாசுகி ஓடி வந்து மங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு காதோரமாகச் சொன்னாள். "ஆமா மங்கை. மருமக பேருக்குக் கீழ ஒரு வரி எடம் வெள்ளையாக் கெடக்கு. அம்புட்டுத்தான். நான் பேரு இருக்குன்னு சொல்லலையே?"

வாசுகி சொல்லவில்லைதான். மங்கை தலையைக் குனிந்துகொண்டாள். கிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு. கடையில் வாங்கியவர்களுக்கு அது தெரியாது. கையொப்பம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். அவள் உதடு அசையாமல் கேட்டாள்.

"எத்தனை வரி நிரப்பினாய்?"

"ஒன்று" என்றது கிள்ளை.

பதினாலு வருஷத்துக்கு ஒரு வரி. அதையும் அவளே ஊதியம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் காலையில் வந்த மரத்துப்போன தன்மை இன்னும் கொஞ்சம் மேலேறியது, அவ்வளவுதான். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள்.

"வந்தது வந்துட்ட. அப்பாவப் பாத்துக்க" என்றான் அண்ணன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். அவன் கை பிசுபிசுவென்று ஒட்டியது. விரல் இடுக்கெல்லாம் மைதாப் பசை காய்ந்து செதில் செதிலாக இருந்தது. சாவு வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நாலு மணிக்கு எடுத்த ஒடனே வாசல்லயே கார் நிக்கும். ஏறி நேரா மதுரைக்குப் போயிரு. தெருவுல நடந்து திரியாத" என்றும் சொன்னான். என்னைத் தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாதாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்பாவின் கால் சில்லென்றிருந்தது. பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவள் அந்தக் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வரலாற்றுப் பாடத்தை அப்பாதான் வாசித்துக் காட்டினார். பகலெல்லாம் பஸ்ஸில் கத்திவிட்டு வந்த தொண்டை. அலுப்பு தாங்காமல் நடுவில் பத்தி பத்தியாகத் தாண்டிவிட்டு, தாண்டினது தெரியாமலிருக்க இரண்டு சொல்லைச் சொந்தமாகப் போட்டு ஒட்டவைப்பார். ஒட்டவைக்கும் இடத்தில் அவர் குரல் தானாக இறங்கும். மங்கைக்கு ஒவ்வொரு தடவையும் தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை. அவளுக்காகக் கண்விழிக்கிற மனிதரிடம் அதைப் போய் எப்படிக் கேட்பது?

நாலு மணிக்கு எடுத்தார்கள். சங்கு தூரத்தில் தேய்ந்தது. பெண்கள் வாசலைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். கார் நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் வைத்த காரில் ஏற அவளுக்கு மனம் வரவில்லை.

"வாசுகி, நீ என்னை ஆட்டோ நிக்கிற எடத்துல விட்டுரு. போற வழியில போஸ்டர் ஒட்டியிருந்தா நிறுத்து."

"அத எதுக்குடி இன்னும் பாத்துக்கிட்டு?"

"தப்புப் படிச்சா மூலத்தைப் போய்ப் பாக்கணும். எங்க வேலையில அதான் மொறை."

அது உண்மைதான். கிள்ளை தவறாகப் படித்தது என்று புகார் வந்தால், படத்தை நம்பாமல் அசல் தாளைக் கையில் வாங்கி மடிப்பு, கிழிசல், கறை எல்லாவற்றையும் தடவிக் குறித்துக்கொள்வார்கள். பார்த்து என்ன ஆகப் போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

தெருமுனையில் ரேஷன் கடைச் சுவரில் ஒன்று இருந்தது. மழையில் சுவர் ஊறியிருந்தது. மங்கை உள்ளங்கையை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தாள். அச்செழுத்துக்குத் தடிப்பு கிடையாது. விரலுக்கு அது வெறும் தாள்தான். பாதிக்குக் கீழே வந்தபோது நுனிவிரல் ஒரு ஓரத்தில் தட்டியது. நேரான ஓரம். ஒரு சாண் நீளத்துக்கு, விரலகலத்துக்கு, தாளின் மேல் இன்னொரு தாள்.

"இங்கன என்ன ஒட்டியிருக்கு?"

வாசுகி குனிந்து பார்த்தாள். "ஒண்ணும்... ஆத்தி, ஆமா! வெள்ளைமேல வெள்ளை, கண்ணுக்கே தெரியல. அச்சுல தப்பு வந்தா பட்டை வச்சு மறைப்பாகள்ல, அது மாதிரி வச்சிருக்கு. மருமக பேருக்குக் கீழ."

மங்கையின் விரல் அங்கேயே நின்றது.

"வாசுகி, இந்தப் போஸ்டர் வாசகத்த யாரு எழுதுனா?"

"மாமாவேதான். ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னைக்கே அவரு கைப்பட எழுதி, கவர்ல போட்டு, பீரோவுல வச்சிட்டாரு. எல்லாத்தையும் முன்கூட்டி செஞ்சு வைக்கிற ஆளுல்ல அவரு? கதிரு அத்தான் அந்தக் கவரப் பிரிக்காமக்கூட, எடுக்கிற நேரத்த மட்டும் சொல்லி பிரஸ்ஸுல குடுத்துட்டாரு. விடியக்காலம் ஒட்டுன பெறகு என்னத்தப் பாத்தாரோ, பசை வாளியத் தூக்கிட்டுத் தெருத் தெருவா ஓடுனாரு."

அப்பா எழுதியிருக்கிறார். அண்ணன் மறைத்திருக்கிறான். மங்கைக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று காலையிலிருந்து முதன்முறையாக அசைந்தது. அதற்குச் சந்தோஷம் என்று பெயர் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அதுதான். கிள்ளை யூகித்தது சரி. தொண்ணூற்றேழில் ஒன்று. கதிரேசா, பெத்த அப்பன் எழுதின பேரைப் பசை பூசி மறைக்கிற அளவுக்கு உனக்கு நான் என்ன செய்தேன்?

நகத்தை ஓரத்தில் கொடுத்தாள். ஈரத்தில் பசை இளகியிருந்தது. பட்டை கிழியாமல், முனகாமல், முழுசாகக் கையோடு வந்தது.

"படி வாசுகி."

வாசுகி படிக்கவில்லை. தெருவில் ஒரு பைக் போனது. வாளியில் தண்ணீர் மோதுகிற சத்தம் எங்கேயோ கேட்டது.

"என்ன எழுதியிருக்கு? எம் பேருதான?"

"ஆமா" என்றாள் வாசுகி. "மகள்... மங்கையர்க்கரசின்னு போட்டிருக்கு."

மகள் என்ற சொல்லுக்கும் பேருக்கும் நடுவில் அவள் குரல் லேசாக இறங்கி, மறுபடி மேலே வந்தது.

மங்கைக்கு அந்த இறக்கம் தெரியும். வரலாற்றுப் பாடத்தில் கேட்ட இறக்கம். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவருக்கு நேராக முகத்தை வைத்தாள். வாசுகி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வா மங்கை, ஆட்டோ போயிரும்." மங்கை நகரவில்லை.

"நிரப்பாமல் படி" என்றாள் கிள்ளையிடம்.

எழுத்து நல்ல கறுப்பில், சேதமில்லாமல் இருந்திருக்க வேண்டும். கிள்ளை தயங்கவே இல்லை. காலையில் அம்மாவின் பேரைச் சொன்ன அதே குரலில் சொன்னது.

"மகள் அமரர் மங்கையர்க்கரசி."

மழை மறுபடி தூறத் தொடங்கியது. வாசுகி ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். ஆட்டோவைப் பற்றி, குடையைப் பற்றி. கிள்ளை சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது. மங்கைக்கு அண்ணன் கையின் பிசுபிசுப்பு ஞாபகம் வந்தது. விடியற்காலத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு எத்தனை தெரு ஓடியிருப்பான்? எந்தப் போஸ்டர்ல, எந்தத் தெருவுல என்று கேட்டானே, அது எகத்தாளம் இல்லை. எங்கேயோ ஒன்றை விட்டுவிட்டோமோ என்ற பயம். அவனைத் திட்டினதை அவள் மனசுக்குள்ளேயே வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

அப்பாவின் மேல் கோபம் வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. நெஞ்சில் அசைந்ததும் அடங்கிவிட்டது.

பட்டை கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரித்து, பழைய ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்து, கட்டைவிரலால் இடமிருந்து வலமாக அழுத்தித் தேய்த்தாள். காற்றுக்குமிழ் ஒன்று நடுவில் நின்றது. அதையும் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றினாள்.

"ஏன்டி மறுபடி ஒட்டுற?" என்றாள் வாசுகி.

"அண்ணே ஒட்டுனது அப்படியே இருக்கட்டும். கார் இன்னும் நிக்குதா பாரு. அதுலயே போயிர்றேன்."

கார் ஊர் எல்லையைத் தாண்டுகையில் நவாஸைக் கூப்பிட்டாள். துக்கம் விசாரிக்க அவன் வாயெடுப்பதற்குள் சொன்னாள். "நிரப்பு வாசிப்புக்குப் போட்ட என் கையொப்பத்த ரத்து பண்ணுங்க. நீங்க அன்னைக்கு வச்ச மாதிரியே குரலை எறக்கி விடுங்க."

"ஏன் மேடம், தப்பாப் படிச்சுதா?"

"இல்ல. மனுஷங்களுக்கு அது தானா எறங்குது நவாஸ். அதுக்கும் எறங்கட்டும்."

அவன் மேலே கேட்கும் முன் வைத்துவிட்டாள். உடனே இருதயராஜ் கூப்பிட்டான். வங்கியில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறான் போலிருக்கிறது, பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"வாசல்ல யாரும் எதுவும் சொல்லலையே?"

"இல்ல. அண்ணன்தான் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாரு."

"பாத்தியா, நான் சொன்னேன்ல." அவன் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. "போஸ்டரை நேர்ல பாத்தியா? உன் பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சு. அப்பாவே கைப்பட எழுதினாராம்."

இருபது வருஷமாகக் குரல்களை வைத்தே ஆளை எடைபோட்டுப் பிழைக்கிறவன் அவன்.

"ஏன் மங்கை," என்றான் மெதுவாக, "குரல் எறங்குது?"